ஊரில் வீடு கட்டுமுன்...

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு ஒரே கனவு உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு ஊரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்குள் அங்கே சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும். அப்பா விட்டுப்போன மனையோ, சீட்டுப் பணத்தில் வாங்கிப்போட்ட மனையோ காத்துக்கொண்டிருக்கும். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி, வங்கிக் கடனில் ஒரு பகுதி என்று சேர்த்து, பத்து நாள் லீவில் போய்ப் பூஜை போட்டுவிட்டு நாக்பூருக்குத் திரும்பி விடுகிறோம். மீதி வேலை தொலைபேசியில் நடக்கிறது.

அப்படிக் கட்டிய வீட்டில் வாழ முடிகிறதா என்பதுதான் கேள்வி. 1998இல் மயிலாடுதுறைப் பக்கத்தில் நானும் அப்படித்தான் ஒரு வீடு கட்டினேன். ரயில்வேயில் கட்டிடங்களையும் இருப்புப் பாதையையும் பராமரிக்கும் பிரிவில் சுமார் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இருந்தும் என் சொந்த வீட்டில் அடிப்படைப் பாடத்தையே மறந்தேன். தவறு செய்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

இங்கே நாக்பூரில் நண்பர் ஒருவர் கட்டியிருந்த வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தட்டையான கான்கிரீட் தளம், திண்ணை இல்லாத நேர்முகப்பு, மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். அந்தப் பிளானை அப்படியே வாங்கி ஊருக்கு அனுப்பினேன். ஒப்பந்தக்காரரும் அப்படியே கட்டிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை.

2019இல் ஓய்வு பெற்று நானும் மனைவியும் அங்கே குடிபோனோம். அடுத்த வருஷம் ஏப்ரல் வந்தது. இரவு பதினொரு மணிக்கும் தளத்திலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருந்தது. மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளியது. இங்கிருந்து ஆசையாகக் கொண்டுபோன கூலர் அறையை இன்னும் புழுக்கமாக்கியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "முப்பத்தஞ்சு வருஷமா ஊருக்குப் போகணும் ஊருக்குப் போகணும்னு சொன்னீங்க. இந்த வீட்டுல எப்படிங்க இருக்கறது?" என்னிடம் பதில் இல்லை.

நாக்பூர் மே மாதப் பிற்பகலில் தண்டவாளத்தின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே இடைவெளி விடுகிறோம்; வெயில் காலத்தில் ரோந்து போகிறோம். அதே வெயில்தான் வீட்டின் மேலும் விழுகிறது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மாடியில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீளவாட்டில் ஒரு கீறல் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்கு இதுதான் காரணம். ஆயுள் முழுவதும் தண்டவாளத்தின் சூட்டை அளந்தவன், தன் தலைக்கு மேல் இருக்கும் தளத்தின் சூட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது?

வீட்டுப் பிளானை எடுத்துக்கொண்டதும் முதலில் குறிக்க வேண்டியது சூரியனின் பாதை. நாக்பூர் ஏறக்குறைய 21 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. காவிரிக் கழிமுகம் 11 டிகிரியில். இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

டிசம்பர் 22ஆம் தேதி நண்பகலில் நாக்பூரில் சூரியன் தெற்கே சுமார் 45 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்தக் குளிருக்குத் தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் இதமானது. அதே நேரத்தில் மயிலாடுதுறையில் அது 55 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். அங்கே எந்த மாதத்திலும் வெயிலை வீட்டுக்குள் அழைக்க வேண்டிய அவசியமில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நாலாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேராக உச்சிக்கு மேலே நிற்கிறது. அதாவது அங்கே கோடை வெயிலில் மிகுதியான பங்கை வாங்குவது சுவரல்ல, தளம்.

சுவர்களின் கணக்கும் எளிதுதான். நாலடி உயரமுள்ள தெற்கு ஜன்னலை டிசம்பர் நண்பகலில் முழுவதும் நிழலில் வைக்க, ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி நீண்ட சன்ஷேட் வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு ஜூன் நண்பகலில் ஒரு அடிக்கும் குறைவாகவே போதும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வரும். எவ்வளவு நீளமாகச் சன்ஷேட் போட்டாலும் அதன் அடியில் நுழைந்து உள்ளே வந்துவிடும். என் மேற்குக் கண்ணாடி ஜன்னல் செய்த வேலை அதுதான்.

ஆகவே முதல் விதி: வீட்டின் நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். மனை அதற்கு இடம் தராவிட்டால், மேற்குப் பக்கத்தில் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை ஆகியவற்றை வையுங்கள். அங்கே பகலில் யாரும் உட்காரப் போவதில்லை. வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்.

காற்று எந்த வழியாகப் போகிறது?

நாக்பூரின் வெயில் உலர்ந்த வெயில். பகலில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கூலரைப் போட்டால் தண்ணீர் ஆவியாகி அறையைக் குளிர்விக்கும். கடலோர மாவட்டங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் ஈரத்தைத்தான் கூட்டும். அங்கே உடம்புக்குச் சுகம் தருவது மேலே பட்டு ஓடும் காற்று ஒன்றே. வடக்கே கற்ற பழக்கம் தெற்கே உதவாது.

நம் தாத்தா காலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாகப் போகும். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். அது அழகுக்காகச் செய்த ஏற்பாடல்ல. காற்று நுழைந்து வெளியேறும் நேர்வழி. முற்றத்தில் சூடான காற்று மேலே எழும். தாழ்வாரத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். பல ஊர்களில் தெரு கிழக்கு மேற்காக ஓடும். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அதனால் சூடேற வேண்டிய கிழக்கு, மேற்குச் சுவர்கள் பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டு வெயிலே படாமல் இருக்கும். நூலும் தூக்குக்குண்டும் மட்டும் வைத்திருந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

இன்றைய வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஒவ்வோர் அறையிலும் எதிரெதிர்ச் சுவரில், அல்லது அடுத்தடுத்த சுவரிலாவது, இரண்டு திறப்புகள் வேண்டும். ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் காற்று நுழையாது. போக வழியில்லாத காற்று ஏன் வரவேண்டும்? படுக்கும் மட்டத்துக்குக் காற்று வரும்படி ஜன்னலின் கீழ் விளிம்பைத் தாழ்வாக வையுங்கள். தளத்துக்குச் சற்றுக் கீழே வென்டிலேட்டர் வையுங்கள். அறையின் உயரம் பத்தடிக்குக் குறைய வேண்டாம்.

முற்றம் வைத்தால் ஆறடிக்கு எட்டடி இருந்தாலும் போதும். மேலே இரும்புக் கிராதியும் கொசுவலையும் போடுங்கள். தண்ணீர் தேங்காதபடி தரையைச் சரித்து, மழைநீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுபோங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடிவிடாதீர்கள். மூடிய முற்றம் வெறும் வெளிச்சக் கூண்டுதான்.

தளம்

செலவில் முதல் மரியாதை தளத்துக்குத்தான். மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, மெட்ராஸ் டெரஸ். ஊரில் கட்டைக்குத்து ஒட்டுத்தளம் என்பார்கள். தேக்கு உத்தரங்களின் மேல், சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டைகளை அடுக்கி, ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பல நாட்கள் மரக்கட்டையால் தட்டுவார்கள். கட்டை எகிறும்வரை தட்ட வேண்டும் என்பது கணக்கு. மேலே தட்டோடு பதிப்பார்கள். அருமையான தளம். ஆனால் இன்று தேக்கின் விலையும், தெரிந்த ஆட்களின் குறைவும் இதைப் பலருக்கு எட்டாததாக்கிவிட்டன.

இரண்டு, ஃபில்லர் தளம். கான்கிரீட் தளம் வளையும்போது மேல்பகுதி நெருக்கப்படும், கீழ்ப்பகுதி இழுபடும். இழுப்பைத் தாங்குவது கம்பி. அங்கே உள்ள கான்கிரீட் கம்பியைப் பிடித்து மூடி வைத்திருப்பதோடு சரி. ஆகவே கம்பிகளுக்கு நடுவே உள்ள அந்தக் கான்கிரீட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மங்களூர் ஓடுகளைப் பதிக்கலாம். இரண்டு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்தால் நடுவே காற்று அடைபடும். அது சூட்டைக் குறைக்கும். கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். மூன்று எச்சரிக்கைகள்: ஓடுகளை முன்பே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், சுவர்மேல் தளம் உட்காரும் ஓரங்களில் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட்டாக விட வேண்டும், பால்கனி போல நீட்டிக்கொண்டிருக்கும் தளங்களில் இந்த முறை கூடாது, ஏனென்றால் அங்கே இழுப்பு மேலே, நெருக்கம் கீழே. கம்பிக் கணக்கைத் தகுதியுள்ள பொறியாளரிடம் போட்டு வாங்குங்கள்.

மூன்று, சாய்வான ஓட்டுக்கூரை. 1860களில் பாசல் மிஷன் ஆலைகளிலிருந்து பரவிய மங்களூர் ஓடு, நம் பழைய ரயில் நிலையங்களையும் குவார்ட்டர்ஸ்களையும் இன்றும் மூடிக்கொண்டிருக்கிறது. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறும், மழைநீர் நிற்காது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஆளேற்றி ஓடு பார்க்க வேண்டும். அணிலும் பூனையும் ஓட்டை நகர்த்தும். பதினோரு மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு முழு ஓட்டுக்கூரை வேண்டாம். திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் மட்டும் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனை கூரைகளைப் பறக்கவிட்டது என்பது நினைவிருக்கும். திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக அமையுங்கள். காற்று ஒன்றைத் தூக்கினால் மற்றது தப்பும். ஓரத்து ஓடுகளைக் கலவை வைத்துப் பதியுங்கள்.

சுவர்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தம்பானூரில் சிவப்புச் செங்கல்லில் வட்டமாகச் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்கலாம்.  சுவரில் விட்ட துளைகளே ஜன்னல்கள். அதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானவர். அவ்வூரின் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் அவர் கட்டியதுதான். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தன் மனத்தில் தங்கியதாக அவர் கூறியிருக்கிறார்.

அவர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுவரின் இரு முகங்களிலும் ஒவ்வொன்று, குறுக்கே ஒன்று என்று வைத்துப் போவது. நடுவே மூன்று அங்குல வெற்றிடம் கிடைக்கும். கணக்கைப் பாருங்கள். 9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம் அளவுள்ள செங்கல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒன்பது அங்குலச் சுவர் 100 சதுர அடிக்குக் கலவைக் கனம் சேர்த்து ஏறக்குறைய 1,067 செங்கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டில் ஓரடி நீளம், நாலரை அங்குல உயரத்துக்கு மூன்று செங்கல். அதாவது 100 சதுர அடிக்கு 800. கால் பங்கு செங்கல் மிச்சம். வெற்றிடத்தில் உள்ள காற்று வெயிலின் சூட்டைத் தாமதப்படுத்துவது கூடுதல் லாபம்.

ஆனால் இதற்குச் செங்கல்லின் அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஊர்ச் சூளையில் கையால் அறுத்த நாட்டுச் செங்கல் கோணல் மாணலாக இருந்தால் கட்டு சேராது. சேம்பர் செங்கல்லைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காலுக்கு மேல் முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ் வரி, லிண்டல், தளம் உட்காரும் வரி ஆகியவை கெட்டியாக இருக்கட்டும். நிலநடுக்கப் பாதுகாப்புக்காகக் கடைக்கால் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓடட்டும். மின்சாரக் குழாய் போகும் இடங்களைக் கட்டும்போதே முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு சுவரை வெட்டக் கூடாது.

செங்கல் எல்லா ஊருக்கும் உரிய பொருளல்ல. காவிரி வண்டல் பூமியில் செங்கல், செட்டிநாட்டில் செம்புராங்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல். மணற்பாங்கான செம்மண் உள்ள இடங்களில் ஆரோவில்லில் செய்வதுபோல் மண்ணோடு சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய கற்களைச் செய்யலாம். அவற்றைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஈரம் காயாமல் நான்கு வாரம் பதப்படுத்தினால் போதும். ஒட்டும் களிமண்ணில் இது சரிவராது. முதலில் உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சுண்ணாம்பும் தரையும்

சுண்ணாம்பு பலமில்லாதது என்று சிலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய நூறாண்டு கடந்த வளைவுப் பாலங்கள் மேல் நம் ரயில்கள் இன்றும் போகின்றன. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதனால் அதற்குப் பொறுமை வேண்டும். சுவருக்குள் ஏறிய ஈரத்தை அது வெளியே விடும். சிறு அசைவுக்கு வளைந்து கொடுக்கும். கடலோரத்தில் உள்பூச்சுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டில் சிமெண்ட்தான் வேண்டும். இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்பதுதான் பொறியியல்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட்டை அச்சில் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்ட்டும் இட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே இல்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, நடக்க நடக்க மெருகேறும். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். அதைவிடச் செலவு குறைய வேண்டுமானால் ரெட் ஆக்சைடு தரை போடலாம். ஆனால் அது முழுக்க முழுக்கக் கைத்திறன். தெரியாதவர் போட்டால் ஒரே ஆண்டில் வெடிப்பு விடும்.

மரத்துக்குக் காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவு, நிலை, தூண் விற்கும் கடைகள் இருக்கின்றன. வாங்குமுன் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். கரையான் அங்கேதான் முதலில் ஏறும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு

என் வீட்டை இடிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். மேலே ஏறி, தளத்தில் வெறுங்காலை வைத்து எடுத்தார். "ஐயா, இது வீடில்ல, தோசைக்கல்லு" என்றார்.

முதலில் தளத்தின் பலத்தைச் சரிபார்த்தேன். மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 130 முதல் 140 கிலோ பாரம் ஏற்றும். அதைத் தாங்கும் என்று கணக்கில் தெரிந்த பிறகே ஜல்லி பரப்பித் தட்டி, சரிவு கொடுத்து, தட்டோடு பதித்தோம். மேலே வெள்ளை அடித்தோம். மேற்கு ஜன்னலைச் சுருக்கி, அந்தப் பக்கம் முழுவதும் வைரம் பாய்ந்த பனைவாரையில் ஓட்டுத் தாழ்வாரம் இறக்கினோம். வாசலில் திண்ணை வந்தது. முன்பு மாலையில் தளத்தின் அடியில் கையை வைத்தால் சுடும், இப்போது சுடுவதில்லை. இரவில் மின்விசிறி போதும்.

முற்றம் மட்டும் கிடைக்கவில்லை. கட்டிய கான்கிரீட் தளத்தை நடுவில் வெட்டினால் கம்பியின் பிடி போய்விடும், துணியவில்லை. 1998இல் காகிதத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் செலவில்லாமல் வந்திருக்க வேண்டிய முற்றம் அது.

செலவுக்கு வழியில்லாதவர்கள் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். அதுவே சூட்டைக் கணிசமாகக் குறைக்கும்.

ஆளும் கூலியும்

இந்த வேலைகளைச் சதுர அடி ரேட்டுக்குக் கொடுக்காதீர்கள். சதுர அடிக் கணக்கில் சீக்கிரம் முடித்தவனுக்கே லாபம். சுண்ணாம்புத் தளத்தை ஒரு வாரம் தட்டுபவனுக்கு அந்தக் கணக்கில் நஷ்டம்தான் வரும். அவன் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவான். அவனைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. தளம், பூச்சு, தரை ஆகிய மூன்றுக்கும் நாள்கூலி கொடுங்கள். கிரானைட் ஒட்டும் செலவிலும் கண்ணாடி முகப்பிலும் மிச்சம் பிடித்தால் இந்தக் கூலிக்குப் பணம் வரும். கல் ஊரை விட்டு வெளியே போகும் பணம். கூலி ஊரிலேயே தங்கும் பணம்.

லீவைப் பூஜையோடு முடித்துவிடாமல் மூன்றாகப் பிரியுங்கள். மனையில் அளவு குறிக்கும்போது ஒரு முறை, லிண்டல் மட்டத்தில் ஒரு முறை, தளம் போடும்போது ஒரு முறை நேரில் நில்லுங்கள். மற்றவற்றைத் தொலைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த அன்று அந்தக் கொத்தனாரிடம், உங்களுக்குப் பிறகு இதை யார் செய்வார்கள் என்று கேட்டேன். "பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான் ஐயா. இந்த வேலையக் கூப்பிடறவங்க இருந்தாத்தானே அவன் கத்துக்குவான்?" என்றார். பிறகு தளத்தைத் தட்டிக் காட்டி, "சிமெண்டு ஒரே நாள்ல கெட்டியாயிடும். சுண்ணாம்பு உங்க பேரன் காலத்துலயும் கெட்டியாயிக்கிட்டே இருக்கும்" என்றார். வேதியியல்படியும் அவர் சொன்னது சரி.

வெளியூரில் இருக்கும் நாம்தான் இப்போது ஊரில் புதுவீடு கட்டும் கூட்டத்தில் பெரும் பங்கு. நாம் கூப்பிட்டால் அந்தக் கை வேலை பிழைக்கும். நாம் கூப்பிடாவிட்டால் அந்தப் பெரியவரோடு போய்விடும். நமக்கும் தோசைக்கல்தான் மிஞ்சும்.

ஊரில் வீடு கட்ட எண்ணியிருக்கும் அன்பர்கள், பிளான் போடும் முன்பே மனையின் அளவையும் வடக்குத் திசையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மாதக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் சேர்ந்து பார்ப்போம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு வந்தால் என்னால் அனுதாபம் மட்டுமே சொல்ல முடியும்.